சுகமென்றே சொல்லிவந்த எங்கள் அண்ணர்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினரும் நண்பரும் எங்கள் அண்ணரை நன்கு அறிந்தவர்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது பொய்யாகிவிடும். அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளுக்காக இன்று கீரிமலையில் கூடியிருக்கும் நீங்கள், கூடப்பிறந்தவள் எழுதும் இந்தச் சில பக்கங்களிலாவது அவரைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

மயிலிட்டியில், கடற்றொழில் செய்த குடும்பத்தில் அண்ணர் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருத்திதான். எங்களைப் பெற்ற ஐயா ஒருநாள் காய்ச்சலோடு தொழிலுக்குப் போய்வந்து படுத்தவர், பிறகு எழும்பவில்லை. அதன்பின் அம்மா அண்ணரை வள்ளத்தில் கால் வைக்க விடவில்லை. ஐம்பதுகளின் நடுப்பகுதியில் அவருக்கு அரசாங்கத்தில் தந்திக் கம்பி இழுக்கும் லைன்மன் வேலை கிடைத்தது. கடலுக்குப் போகாதே என்று மறித்துவைத்த பிள்ளை இப்போது கம்பத்தில் ஏறித் தொங்குகிறானே என்று அம்மா அதற்கும் அழுதார்.

நினைவு மலர்களில் எல்லோரும் சாந்தசொரூபிகளாகவே இருப்பார்கள். எங்கள் அண்ணர் சரியான கோபக்காரர். சொதியில் புளி கூடினால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவார். சற்று நேரத்தில் அடுப்படிக்கு வந்து, “கிடக்கிறதைப் போடு பிள்ளை” என்பார். இந்தக் கோபமெல்லாம் வீட்டுக்குள் மட்டுந்தான். வெளியாரிடம் தன் குறை ஒன்றையும் சொல்லமாட்டார். “எப்பிடி?” என்று யார் கேட்டாலும் “சுகம்” என்பதே பதில். கேட்டவரும் தலையாட்டிவிட்டுத் தன் வழியே போவார்.

மாரிகாலத்தில் ஒருநாள், கொடிகாமத்துக்கு அப்பால் வேலை செய்துகொண்டிருந்தபோது, ஈரக் கம்பத்திலிருந்து வழுக்கி விழுந்தார். பெரியாசுபத்திரியில் நெடுநாள் கிடந்துவிட்டு வீடு வந்தார். இடுப்பில் நாரியெலும்பு முறிந்து பிசகாகப் பொருந்தியிருந்தது. குனிய முடியாது. நடக்கும்போது வலக்கால் திடீரென்று விறைத்துப்போகும். கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளவும் அவரால் இயலவில்லை. ஆனால் வெளியில் ஒரு தழும்பும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு ஆள் முழுதாகத்தான் இருந்தார்.

வேலைக் கந்தோரிலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. சந்தியில் இருந்த சிங்களப் பேக்கரிக்காரரிடம் கொடுத்து வாசிப்பித்தோம். இனி வேலை செய்ய இயலாதவர் என்று அரசாங்க வைத்தியர் எழுதிக் கொடுத்தால் பென்சன் கிடைக்கும். எழுதாவிட்டால் வேலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கும் எனக்கும் அண்ணரின் உழைப்பை விட்டால் வேறு கதியில்லை.

ஆசுபத்திரிக்குப் போகும் நாளன்று அண்ணர் முகம் வழித்து, முழுகி, திருநீறு பூசி, வெளுத்த வேட்டி சால்வையோடு புறப்பட்டார். பெரிய மனிதரைக் காணப் போனால் நாங்கள் அப்படித்தானே போவோம். ஆசுபத்திரியில், வைத்தியரின் அறைக்கு வெளியே, ஊன்றி வந்த தடியை விறாந்தையில் கழற்றிய செருப்புக்குப் பக்கத்தில் சாத்தினார்.

“தடியைக் கொண்டு வாங்கோவன் அண்ணை.”

“டொக்டருக்கு முன்னாலை தடியோடை போய் நிக்கிறதே? விசர்க்கதை கதையாதை.”

பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து உள்ளே போனார். நான் பின்னால் போனேன்.

“இப்ப எப்பிடி இருக்கு?” என்று வைத்தியர் கேட்டார்.

“சுகமாயிருக்கிறன் ஐயா. ஐயாவும் சுகந்தானே?”

“நாரி நோகுதோ?”

“பெரிசா ஒண்டுமில்லை.”

“வேலைக்குப் போவீரோ?”

“போகச் சொன்னால் போகத்தானே வேணும்.”

இலேசான வேலைக்குத் தகுதியானவர் என்று வைத்தியர் எழுதினார். வாயால் சொன்னதையும் கண்ணால் கண்டதையும் எழுதியவரில் என்ன பிழை?

பஸ்ஸில் எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. “ஏன் அண்ணை உப்பிடிச் சொன்னனீங்கள்?” என்றேன். “அந்த மனுசன் மரியாதையாச் சுகம் விசாரிக்குது. நான் என்ன, ஒப்பாரி வைக்கிறதே?” என்றார்.

வீடு வந்தபின் அம்மாதான் மற்றக் காரணத்தைச் சொன்னார். அண்ணர் விழுவதற்கு முன்பே வல்வெட்டித்துறையில் அவருக்கு ஒரு சம்பந்தம் பேசியிருந்தது. ஆள் தேறி வரட்டும் என்று பெண் வீட்டார் பொறுத்திருந்தார்கள். “ஏலாது எண்டு டொக்டர் எழுதினால் அவையள் பொம்பிளை தருவினமோ? அதுதான் அவன் சொல்லேல்லை” என்றார் அம்மா. கோயிலில் ஒருமுறை தூரத்தில் கண்ட அந்தப் பெண்ணை அவர் மனதில் வைத்திருந்தார் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

இலேசான வேலைக்கென்று கம்பி, சாமான் வைக்கும் களஞ்சியத்துக்குப் போனார். சில நாட்களிலேயே கூட வேலை செய்தவர்கள் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்கள். படுத்துக் கிடந்தவர், கலியாணத் தரகரை அழைத்துவரச் சொன்னார். எங்கள் முன்னிலையிலேயே சொன்னார்:

“டொக்டர் எழுதமுன்னம் நானே சொல்லிவிடுறன். எனக்கு ஏலாது. அந்தப் பிள்ளைக்கு வேறை இடம் பாக்கச் சொல்லுங்கோ.”

அம்மா உள்ளே போய்விட்டார். அண்ணர் என்னைப் பார்த்து, “நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போவம்” என்றார்.

அதே வைத்தியர்தான் இருந்தார். “எப்பிடி?” என்று கேட்டார். பழக்கதோஷம், “சுகம்” என்றே வாயில் வந்தது. வைத்தியர் பேனையை மூடி வைத்தார்.

“நீர் சுகமெண்டால் நானும் சுகமெண்டுதான் எழுதுவன். காலமை எழும்பேக்கை என்ன செய்யுது எண்டு சொல்லும்.”

அண்ணருக்கு முந்தி நான் சொல்ல வாயெடுத்தேன்.

“நீர் வெளியிலை இரும் பிள்ளை. அவர் ஆறுதலா, அவசரமில்லாமல் சொல்லட்டும்.”

விறாந்தையில் கிடந்த நீள வாங்கில் போய் இருந்தேன். காத்திருந்த நோயாளர் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கதவைத் திறந்து பார்த்த தாதியை வைத்தியர் திருப்பி அனுப்பிவிட்டார். வெகுநேரத்தின் பின் அண்ணர் கண் சிவக்க வெளியே வந்து, தடியை எடுத்துக்கொண்டு, “வா போவம்” என்றார். வைத்தியர் எழுதிய அத்தாட்சியில் பென்சன் கிடைத்தது. அதில்தான் அம்மாவைக் கடைசிவரை பார்த்தார், என்னை அரியாலையில் கட்டிக்கொடுத்தார்.

அம்மாவும் போனபின் அந்த வீட்டில் அண்ணர் தனித்தார். “அவருக்கு ஏலாது, பாவம், கரைச்சல் குடுக்கக் கூடாது” என்று ஊரார் நல்லெண்ணத்தோடு விலகிக்கொண்டார்கள். கலியாண அழைப்பைப் வாசல் படலையில் செருகிவிட்டுப் போவார்கள். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்து வானொலியோடு வாக்குவாதப்படுவார். கேட்க ஆளில்லாத வீட்டில் கோபத்தையும் எங்கேதான் காட்டுவது?

இறுதி மாதங்களை என் வீட்டில் கழித்தார். தூக்கி இருத்திய என் கணவருக்கும், மயிலிட்டியில் அவருக்குத் தண்ணீர் அள்ளிவைத்த அயலவர்க்கும், செத்தவீட்டிலும் இன்றும் கூடநின்ற அனைவருக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அன்று வைத்தியரின் அறையில் அவ்வளவு நேரம் என்ன கதைத்தீர்கள் என்று, படுக்கையில் கிடந்த அண்ணரிடம் ஒருநாள் கேட்டேன்.

“நாரியைப் பற்றிக் கொஞ்சம். மிச்சம் எங்கடை ஐயாவைப் பற்றி, அந்த வல்வெட்டித்துறைப் பிள்ளையைப் பற்றி. அந்த மனுசன் கேட்டுக்கொண்டே இருந்துது.” தலையை என் பக்கம் திருப்பிச் சொன்னார்: “அதுக்குப் பிறகு ஆரோடையும் அப்பிடிக் கதைக்கேல்லை, தங்கச்சி.”

அந்த வைத்தியர் இப்போது எங்கிருக்கிறாரோ தெரியாது. அவருக்கும் எங்கள் நன்றி.