அம்மா பார்க்காத முகம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர் பலருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் உரக்கப் பேசாத ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன். தமக்கு முதலில் பிறந்த ஆண் குழந்தை இறந்துவிட்டதாக அம்மா ஒருநாளும் நம்பவில்லை.

முத்தியால்பேட்டையில் பிறந்தவர் அம்மா. பஞ்சாலைத் தொழிலாளியான அப்பாவை மணந்து குருசுக்குப்பம் வந்தார். முதல் பிரசவம் ஆஸ்பத்திரியில். குழந்தை அழுததைக் காதால் கேட்டதாகச் சொல்வார். மறுநாள் காலை, இறந்துவிட்டது என்றார்கள். "பச்ச ஒடம்பு, மொகம் பாக்கக் கூடாது" என்று பெரியவர்கள் காட்டவில்லை. இடுகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கமும் இல்லை. புதைத்த இடம் வேப்பமரத்தடி என்றார் அப்பா. மதிலோரம் என்றார் அவருடன் போன சித்தப்பா. இரண்டையும் அம்மா மறக்கவில்லை.

அதே மாதம், பிள்ளையில்லாத எதிர்வீட்டுக்காரர்கள், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற எங்கள் ஊர்க்காரர் பலரைப் போல, பிரான்சுக்குக் குடிபோனார்கள். அம்மாவின் சந்தேகம் அங்கே போய் நின்றது.

எங்கள் மூவரையும் அவர் வீட்டிலேயே பெற்றார். மில் மூடியபின் இட்லிக் கடை வைத்துப் படிக்க வைத்தார். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களைக் கடற்கரையில் கண்டால் நின்றுவிடுவார்.

"அந்தப் புள்ள நெத்தியப் பாரு. உங்கப்பாவ உரிச்சி வெச்சிருக்கு."

"அவனுக்கு முப்பதுகூட இருக்காதும்மா. எனக்கே நாப்பத்தஞ்சி."

"பிரான்சு சாப்பாடு. அப்பிடித்தான் தெரியும்."

அம்மா கடைசிப் படுக்கையில் இருந்தபோது சித்தப்பா பார்க்க வந்தார். "தம்பி, இப்பவாச்சும் சொல்லுங்க. யாருகிட்ட குடுத்தீங்க?" என்று கேட்டார் அம்மா.

"யாருக்கும் குடுக்கல அண்ணி. பதட்டத்துல ஆஸ்பத்திரி சீட்டு வாங்காம வந்துட்டோம். சீட்டில்லாம சுடுகாட்டுல வுடல. கடலோரம் மணல்ல தோண்டி வெச்சிட்டோம். அடுத்த மழையில அந்த மணல கடல் எடுத்துகிச்சி. அத உங்ககிட்ட எப்பிடிச் சொல்றது?"

அம்மா அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "துணியப் பிரிச்சிப் பாத்தீங்களா?"

"கட்டிக் குடுத்தாங்க. அப்பிடியே வெச்சோம்."

"பாக்கலல்ல?"

மூன்றாம் நாள் அம்மா காலமானார். பிறகு நான் ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். அக்காலத்துப் பதிவேடுகள் இல்லை என்றார்கள்.

அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட லாஸ்பேட்டையில் இருக்கும் என் தங்கைக்கும், இரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், வாய்திறந்து சொன்ன சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி.

இம்மலரின் கடைசிப் பக்கத்தில் அம்மாவின் மக்கள் நால்வர் என்று அச்சாகியிருக்கிறது. 'மூத்த மகன்' என்பதற்கு முன்னால் 'அமரர்' என்று சேர்க்கச் சொன்னார் சித்தப்பா. நான் சேர்க்கவில்லை.