சொம்புத் தண்ணீரும் புது ஷாக் அப்சார்பரும்

தளும்பத் தளும்ப நிறைத்த பித்தளைச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு ஓசூரிலிருந்து அஞ்செட்டிப் பக்கம் இருந்த எங்கள் ஊர் வரை போனவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எண்பதுகளின் நடுவில் நடந்தது. வண்டி, அக்கா வீட்டுக்காரர் பழசாக வாங்கியிருந்த பிக்கப். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். வீட்டுக்கு வாங்கிய கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது ரிஜெக்ட்" என்று ஒதுக்குகிற மனிதர். நான் இன்னொரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, அடுத்த தெருவில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

அக்காவுக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டாவது, பஸ்ஸில் குலுங்கி ஊருக்கு வந்த மறுநாள் போயிற்று. பஸ்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, அம்மா சொன்னாள். மூன்றாவது முறை தெரியவந்தபோது அக்கா ஊரில், அம்மா வீட்டில் இருந்தாள். அம்மா அவளைத் திருப்பி அனுப்பவே இல்லை. எட்டு மாதம் முடிந்ததும் ஓசூர் டாக்டரம்மா மாமாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: இந்தப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் ஆகவேண்டும், இப்போதே கூட்டி வாருங்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அம்மா ஒரே பிடி. மாமா போய்க் கெஞ்சினார். அம்மா வாசலில் நின்ற வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "மாப்ளே, ஒரு சொம்புத் தண்ணி சிந்தாம இதுல கொண்டாந்து காட்டுங்க. அன்னிக்கி அனுப்பறேன் எம் பொண்ண."

முடியாது என்பதைத்தான் அவள் மரியாதையாகச் சொன்னாள். மாமாவோ அதைத் தொழிற்சாலையில் கொடுத்த அளவு மாதிரி எடுத்துக்கொண்டார்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரை மாற்றுவதற்காக, வீட்டு வாசலில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்தார். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின நாளே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். அப்படியும் ஒன்று அசைய மாட்டேன் என்றது. ஸ்பேனரின் மேல் இரும்புக் குழாயைச் செருகி, நானும் அவரும் சேர்ந்து தொங்கினோம். கழற்றிய பழைய ஷாக் அப்சார்பரை அழுத்தினால் பொசுக்கென்று உள்ளே போயிற்று. எண்ணெய் முழுக்கக் கசிந்திருந்தது. "இதுலயா உங்கக்காவ ரெண்டு வருசமா ஏத்திட்டுப் போனேன்?" என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது. பிறகு எழுந்து, புதியதை நிமிர்த்திப் பிடித்து, ஏழெட்டு முறை இழுத்து அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டினார். வண்டி கனமில்லாமல் இருக்கட்டும் என்று ஸ்டெப்னி டயர், பின்கதவு எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் வைத்தார்.

சொம்போடு என்னை அக்கா உட்காரும் இடத்தில் உட்காரவைத்து ரயில்வே கேட் வரை ஓட்டினார். கேட் வருவதற்குள் என் பாவாடை தொப்பலாகிவிட்டது. முன்னைவிட மோசமாகக் குதித்தது வண்டி! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது, தெருமுனையில் புளி மண்டி வைத்திருந்த பாய் கை காட்டி நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "என்னா சார் நீங்க! பாரம் ஏத்தற வண்டிய வழிச்சுத் தொடச்சு ஓட்டுனா குதிக்காம என்னா செய்யும்? முதுகுல பாரம் இருந்தாத்தான் அடியில இருக்கற ஸ்பிரிங் பட்டை அடங்கும்." சொன்னதோடு நிற்கவில்லை; தன் ஆட்களை விட்டே பத்து மூட்டைப் புளியைப் பின்னால் ஏற்றினார். டயரில் கொஞ்சம் காற்றையும் குறைக்கச் சொன்னார். வண்டி சமர்த்தாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு கிளம்பினோம். தேன்கனிக்கோட்டை தாண்டும்வரை ஒரு சொட்டு சிந்தவில்லை. காட்டுப் பாதையில்தான் மோசம் போனோம். அம்மா வீட்டுக்கு ஒரு கல் தொலைவில் பார்த்தால் சொம்பில் பாதிதான் இருந்தது. ஓடையோரம் நிறுத்தச் சொல்லி, "நிரப்பிக்கலாம் மாமா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். சுள்ளென்று திரும்பினார். "சொம்புக்குள்ள இருக்கறது உங்கக்கா, கண்ணு. யார ஏமாத்தறது?"

அம்மாவின் முன்னால் சொம்பை நீட்டி, "பாதிதான் அத்தே மிஞ்சுச்சு" என்றார். அம்மா எட்டிப் பார்த்தாள். வாங்கி அந்தத் தண்ணீரைக் குடித்தாள். "ரொம்பிக் கொண்டாந்திருந்தீங்கன்னா நம்பியிருக்க மாட்டேன் மாப்ளே" என்று சொல்லிவிட்டு, அக்காவின் துணிமணிகளை மூட்டை கட்ட உள்ளே போனாள். தானும் கூட வருவதாகச் சொல்லி, தன் புடவைகள் இரண்டையும் அதிலேயே திணித்தாள்.

அம்மாவும் அக்காவும் முன்னால். நான் பின்னால் புளி மூட்டை மேல். மாட்டு வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. "இதுக்கு நான் நடந்தே வந்திருப்பேன்" என்று அக்கா வழியெல்லாம் சண்டை பிடித்தாள். இப்போது அந்த வழியில் போனால் ரோடு வழவழவென்று இருக்கிறது, போவதே தெரிவதில்லை.

ஓசூர் வந்து சேர்ந்த பன்னிரண்டாம் நாள் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். நர்ஸம்மா குழந்தையைத் துணியில் சுற்றி மாமாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா நின்ற இடத்திலேயே நின்றார். நாலடி தள்ளிக் கதவுக்கு உள்ளே அக்கா கூப்பிடுகிறாள், காட்டுங்கள் காட்டுங்கள் என்கிறாள்; இவர் அசையவில்லை. மாமாவுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயந்துபோய், "உள்ள போங்க மாமா" என்றேன்.

"நீ போயி அக்காவால இங்க வர முடியுமான்னு கேளு கண்ணு" என்றார் மெதுவாக. "நடந்தா பாப்பா குலுங்கும்."