செபத்தின் மறுபாதி

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசைவீடுகளில் சத்தத்துக்கு முகம் சுளிக்கிற ஒரே ஆள் இருதயம்தான். பகலெல்லாம் இஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனுக்கு இது அடுக்குமா என்று கேட்டால், "அதனாலதான் வீட்டுலயாவது அமைதி கேக்குறேன்" என்பார். இருந்தது ஒரே அறை. அதில் மனைவி பிலோமினாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆண்டவரிடம் நாலு வார்த்தை பேச நிம்மதியான இடம் வேண்டுமென்று, ஒரு மூலையைச் சாக்குத்திரை கட்டிப் பிரித்தார். உள்ளே ஒரு மாதா படம், ஒரு பாய்.

சாயங்காலச் செபமாலைக்கு மட்டும் எல்லோரும் அங்கே நெருக்கியடித்து முழந்தாளிடுவார்கள். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் பாதியை அவர் சொல்ல, மறுபாதியை மூவரும் சொல்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருடத்து விஷக்காய்ச்சல் பதினொரு நாளிலேயே மூவரையும் கொண்டுபோய்விட்டது. லயத்திலேயே அமைதியான வீடு இப்போது அவருடையதுதான். கேட்டது கிடைத்துவிட்டது; பாவி மனிதர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

தினமும் முழந்தாளிட்டார். முதல் மணியைப் பிடித்து முதல் பாதியைச் சொன்னார். பழக்கதோஷத்தில் வாய் தானாக மூடிக்கொண்டது. மறுபாதியையும் தானே சொல்லலாம்தான், யார் தடுத்தார்கள்? ஆனால் சொல்லிவிட்டால், சொல்ல இனி யாருமில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அது அவரால் முடியவில்லை. இரண்டு மாதமாகியும் செபமாலை முதல் மணியைத் தாண்டவில்லை. இன்றும் நா எழாவிட்டால், மாதா படத்தைக் கோயிலில் கொடுத்துவிட்டு இதையெல்லாம் விட்டுவிடுவது என்று ஒரு சாயங்காலம் முடிவு செய்தார்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவள் நல்லம்மாள், தண்டவாள வேலை பார்க்கும் பக்கிரிசாமியின் மனைவி. நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவள். எட்டு வருடமாகச் சோறு வடிக்கிற நேரத்தில் அந்தச் செபம் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது.

இருதயம் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். நா எழவில்லை. படத்தை எடுக்கக் கை நீட்டினார்.

"அர்ச்சிஷ்ட மரியாயே..." என்று சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் தொடங்கியது. மறுபாதி முழுதும் சொன்னது, பிழையில்லாமல், பிலோமினா இழுக்கிற அதே இழுப்போடு.

இருதயம் வாய்விட்டு அழுதார்.

"அண்ணே," என்றாள் நல்லம்மாள், "எனக்குப் பின்பாதிதான் தெரியும். நீங்க ஆரம்பிச்சாத்தான் நான் சொல்ல முடியும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் இரண்டாவது மணியைப் பிடித்தார்.