பேராச்சி நம்பாத இனிப்பு

யுத்த காலத்தில் தூத்துக்குடியில் சீனிக்குப் பெரும் தட்டுப்பாடு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காசிலிங்கம், கப்பல்காரர் ஒருவரிடம் சீனிக்குப் பதிலாக இனிப்புத் தரும் சாக்கரின் மாத்திரை வாங்கிவந்து, காப்பியில் கரைத்து மனைவி பேராச்சியிடம் பெருமையாக நீட்டினான். அவள் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி.

"சீனியே இல்லாம இனிக்கின்னா அதுல ஏதோ கள்ளத்தனம் இருக்கு. வயித்துல கெடக்க பிள்ளைய என்ன செய்யுமோ?" என்று டம்ளரைத் தள்ளிவிட்டாள்.

மறுநாள் சில முட்டைகளை ஊசியால் துளைத்து, பாதி முட்டைகளில் சாக்கரின் தண்ணீரும் மீதி முட்டைகளில் வெறும் தண்ணீரும் ஒவ்வொரு சொட்டு விட்டு, துளையை மெழுகால் அடைத்தாள். சாக்கரின் முட்டைகளில் கரிக்கோடு இழுத்து, எல்லாவற்றையும் அடைகோழிக்கு வைத்தாள். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது காசிலிங்கம் கோழியிடம் நலம் விசாரித்தான்.

கரிக்கோட்டு முட்டைகளிலிருந்தும் குஞ்சுகள் துடிப்பாகவே வெளிவந்தன.

"பாத்தியாளா? இனி குடி!"

"பொறுங்க. இதுக வளந்து முட்டை போடுதான்னு பாக்காண்டாமா?"

பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு ஒரு காலையில், அந்தக் குஞ்சுகளில் வளர்ந்த பெட்டை ஒன்று முதல் முட்டையிட்டது. காசிலிங்கம் சூடு ஆறாத முட்டையோடு வீட்டுக்குள் ஓடிவந்தான்.

"முட்டை போட்டுட்டுளா! இப்பமாவது குடிப்பியா?"

பேராச்சி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இப்பம் எப்படிக் குடிக்க? பிள்ளைக்குப் பால் குடுக்கேம்லா!"