கண்மாய்க்கு இக்கரையில் விசிலோடு

எங்கள் பள்ளிக்கு இளைஞர் விருதுத் திட்டம் வந்தபோது, "பி.டி. டீச்சர் பார்த்துக்கிடட்டும்" என்று தலைமை ஆசிரியர் அதை என் தலையில் கட்டிவிட்டார். வெயிலில் அலைகிற வேலை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பி.டி. டீச்சரைத்தான் தேடுவார்கள். ஓய்வு பெறும்வரை அது என்னிடமே இருந்தது.

இப்போது அதை எடுத்து நடத்தும் இளம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த விருதில் யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டாம். ஒரு சேவை, ஒரு திறன், ஒரு விளையாட்டு, கடைசியாக ஒரு பயணம். நான்கையும் முடித்தவருக்கெல்லாம் பதக்கம் உண்டு. பயணம்தான் பெரும்பாடு. பிள்ளைகளே ரூட் போட்டு, மூட்டை சுமந்து நடந்து, ஓரிரவு கூடாரத்தில் தங்க வேண்டும். டீச்சர் செக்பாயின்ட்டில் நிற்கலாம், கூட நடக்கக் கூடாது. ஆபத்து என்றால் தலையிடலாம். தலையிட்டால் பயணம் செல்லாது. வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னிடம் படித்தவர்களைக் கேளுங்கள்.

நஸ்ரின் பதினொன்றாம் வகுப்பு. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். சம்மதம் கேட்கப் போனேன்.

"பொம்பளப் பிள்ளைகள நடக்கவிட்டுட்டு நீங்க தூரத்துல நின்னு வேடிக்கை பாப்பீகளா? நல்லாருக்கு டீச்சர் ஒங்க திட்டம்!"

நஸ்ரினுக்குத் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்க ஆசை. அது வீட்டில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. அவர் கல்லாவைச் சாத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. பொழுது அடைஞ்சு மகரிப் பாங்கு சொல்றதுக்கு முன்னால கூடாரத்துக்கு வந்துட்டாள்னா ராத்திரி தங்கட்டும், ஹாஸ்டலப் பத்திப் பேசுவோம். வரலேன்னா அங்கனயே வண்டில ஏத்திட்டு வந்துருவேன். பொறவு காலேஜும் உள்ளூர்லதான்."

"வந்துருவேன்த்தா" என்றாள் நஸ்ரின்.

நான்கு பெண்கள், நஸ்ரின் தலைவி. ராஜபாளையம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மம்சாபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்கு வந்து சேர வேண்டும். மே மாதம் ஒத்திகை நடந்தபோது வறண்டு கிடந்த கண்மாய்க்குள் புகுந்து வந்தார்கள். எங்கள் பக்கத்தில் கோடை வந்தால் கண்மாய்தான் எல்லோருக்கும் ரோடு. சைக்கிளும் டிராக்டரும் அதற்குள்தான் ஓடும். ரூட் கார்டிலும் அப்படியே குறுக்கே கோடு போட்டுவிட்டார்கள். நிஜப் பயணம் வந்தது கார்த்திகையில். அன்று இக்கரையில் தோப்போரம் போய் நின்று பார்த்தால் கண்மாயில் கடல்போலத் தண்ணீர். ரூட்டை மாற்றுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லவும் கூடாது.

நஸ்ரினின் அத்தா பொழுதோடே வந்துவிட்டார். தென்னை மறைவில் பைக்கை நிறுத்திவிட்டு, அங்கேயே நின்றிருந்த என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இம்புட்டுத் தண்ணி கெடக்கு! இதுக்குள்ளயா வழி போட்டிருக்காளுக?"

"ஆமா பாய்."

அக்கரையில் நான்கு பேரும் வந்து நின்றார்கள். அமைதியான நேரம், பேச்சு தண்ணீர் மேல் தெளிவாக வந்தது. மம்சாபுரத்துப் பிள்ளை முத்துமாரி சுடிதாரைத் தூக்கிச் செருகினாள்.

"முழங்கால் தண்ணிதாண்டி. எங்க கண்மாய் எனக்குத் தெரியாதா? குறுக்க போனா பாங்குக்கு முன்ன போயிரலாம். சுத்திப் போனா இருட்டிரும்."

"ஒரு சத்தம் குடுங்க டீச்சர்!" என்றார் அவர்.

"குடுத்தா அம்புட்டும் போச்சு பாய். ஒரு கால் தண்ணில பட்டா ஊதிருவேன்." விசில் என் உதட்டில் இருந்தது.

நஸ்ரின் முத்துமாரியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நாம ஒத்திகைக்கு வந்தப்ப இங்கன ஜேசிபி மண்ணு அள்ளுச்சே, மறந்துட்டியா?" நீளமாக ஒரு கருவேலங்கம்பை எடுத்து, கரையிலிருந்தபடியே தண்ணீருக்குள் விட்டாள். கம்பு முழுதும் உள்ளே போயிற்று.

அவள் மலையைப் பார்த்தாள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு கரை மேல் ஏறிச் சுற்றுவழியில் நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

எத்தனையோ பிள்ளைகள் மைதானத்தில் பறந்ததைப் பார்த்தவள் நான். அன்றுபோல் எனக்கு ஒருநாளும் மெய்சிலிர்த்ததில்லை. நாங்கள் நிற்பதுகூட அவளுக்குத் தெரியாது.

அவர் மெல்லக் கேட்டார். "பாங்கு நேரம் அவளுக்குத் தெரியும்ல டீச்சர்?"

"தெரியும் பாய்."

"தெரிஞ்சேதான் சுத்திப் போறாளா?"

விசிலை உதட்டிலிருந்து எடுத்துப் பையில் போட்டேன்.

பாங்கு கேட்டது. அவர் துண்டை விரித்துத் தொழுதார். தொழுது முடித்தும் பிள்ளைகளைக் காணோம். நன்றாக மங்கிய பிறகுதான் வந்தார்கள், காலெல்லாம் சேறு. நஸ்ரின் அத்தாவையும் பைக்கையும் பார்த்தாள். மூட்டையை இறக்கி முத்துமாரியிடம் கொடுத்தாள். "கூடாரத் துணி இதுலதான் இருக்கு. ஆணிய நல்லா அடிங்க."

அப்புறம் பைக் பக்கம் வந்தாள். "லேட்டாயிருச்சுத்தா. போவோம்."

அவர் போய் முத்துமாரியிடமிருந்து அந்த மூட்டையை வாங்கி மகளின் தோளில் மாட்டிவிட்டார். "பனி விழும். தலைல துணியச் சுத்திக்கிட்டுப் படு" என்றார். வண்டியைக் கிளப்பியவர் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அந்தத் திருநெல்வேலி ஹாஸ்டல ஒருநாள் எனக்கும் காட்டுங்க."

அன்று நான் விசில் ஊதியிருந்தால் நஸ்ரின் யாரென்று அவள் அத்தாவுக்கும் எனக்கும் தெரியாமல் போயிருக்கும். ஆகவே, இளம் ஆசிரியர்களே, விசிலைக் கட்டாயம் கொண்டுபோங்கள். ஆனால் பிள்ளைகள் யோசித்து முடிக்கும்வரை ஊதாதீர்கள்.