உயரவாரியாக அடுக்கிய குழல்கள்

“ஏனம்மணி, இது என்ன தண்ணி மோட்டாரா, கழட்டிப் பாத்து மாட்டிப்போடறதுக்கு? படிச்சுப்போட்டா எல்லாம் வந்துருமா?”

எங்கள் சர்ச்சின் பழைய குழல் ஆர்கனைத் திறக்கச் சாவி கேட்டபோது சபைச் செயலர் சொன்னது இது. பம்பு கம்பெனியில் நான் இன்ஜினியர்; எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள்.

“தண்ணி மோட்டாரும் மாட்டுவனுங்க,” என்று கையை நீட்டினேன்.

நான் பள்ளியில் படித்தபோது ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் சர்ச்சுக்கு வெள்ளையடித்தார்கள். அடுத்த ஞாயிறு ஆர்கன் தாறுமாறாகக் கத்தியது. வாசித்த டீச்சர் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதே கூச்சல்.

“என் வெரலு சரியாத்தானுங்க போகுது,” என்றார்.

“வயசாச்சுங்க டீச்சர். ரெஸ்ட் எடுங்க, கீபோர்டு வாங்கிப்போடலாம்,” என்றார் இதே செயலர்.

ஆர்கனுக்குள் ஏறி யாரும் பார்க்கவில்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். பிறகு பொள்ளாச்சியிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஆர்கன் பூட்டியே கிடந்தது.

இத்தனை வருடம் கழித்து நான் உள்ளே ஏறினேன். சிறு குழல்கள் அசெம்பிளியில் நிற்கும் பிள்ளைகள்போல உயரவாரியாக நின்றன. ஒவ்வொரு குழலின் அடியிலும் ஒரு எழுத்து கீறியிருந்தது, அது நிற்கும் துளையின் பக்கத்திலும் ஒன்று. இரண்டும் பொருந்தவில்லை. ஒரு சுரம் இந்தப் பக்கம், அடுத்த சுரம் எதிர்ப்பக்கம் என்று நிற்க வேண்டிய குழல்கள் அவை. சுவருக்கு வெள்ளையடிக்கக் கழற்றியவர்கள், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

குழல்களுக்குக் காற்றூதும் துருத்தியின் கிழிந்த தோலை உக்கடத்துத் தோல் கடை பாய் ஒருவர் வந்து ஒட்டிக்கொடுத்தார். குழல்களை அவற்றின் இடத்தில் நட்டேன். ஒரு கீர்த்தனையின் முதல் வரியை ஒற்றை விரலால் வாசித்தேன். ஒரு சுரமும் பிசகவில்லை. கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்த செயலர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்தே டீச்சருக்குப் போன் செய்து, குழல்கள்தான் இடம் மாறி நின்றன என்று சொன்னேன்.

“நெசமாவா கண்ணு? வெரலு கெட்டுப்போச்சுன்னு ஆர்மோனியத்தக்கூட நான் தொடலியே,” என்றார். பிறகு, “இப்ப நெசமாவே மடக்க வரமாட்டீங்குது,” என்றார்.

வெள்ளையடித்த அந்த வாரமே யாராவது ஏறிப் பார்த்திருந்தால் ஒரு மாலை வேலை.

“நாஞ் சொன்னது தப்புன்னு டீச்சர்கிட்ட நீயே பக்குவமாச் சொல்லிப்போடு அம்மணி,” என்றார் செயலர்.

மறுநாள் காலை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி இரண்டு டிக்கெட் எடுத்தேன். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த செயலர் கிணத்துக்கடவு தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.