காலி வரியில் கேட்ட குரல்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் முழுதும் கேட்டுவிட்டு இவளும் அந்தக் கூட்டம்தான் என்று நினைப்பீர்கள். சாயல்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊருக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு பனங்காடு, உச்சி வெயிலில் பெண்பிள்ளைகள் தனியாக அந்தப் பக்கம் போகக் கூடாது என்பார்கள், கல்லூரிக்குப் போன காலம் முழுக்க நான் அந்த வழியாகத்தான் போய் வந்தேன், காலில் முள் ஏறியதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊருக்கே புத்தி சொன்னவள். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

கண் தெரியாதவர்கள் கணினியில் வேலை செய்வதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படித்துக் காட்டும். ஓப்பன் சோர்ஸ், அதாவது யார் வேண்டுமானாலும் உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. அதைத் தமிழில் பயன்படுத்துகிறவர்கள் சந்தேகம் கேட்பதற்கு ஒரு ஃபோரம் உண்டு, அதை நடத்துவது நானும் கீழக்கரை யூசுப் பாயும். இரண்டு பேருக்கும் கண் தெரியும், சம்பளம்தான் கிடையாது. பகலில் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு டைப் அடிக்கிற வேலை பார்க்கிறேன், மிச்ச நேரம் ஃபோரம். "சத்தம் வரவில்லை" என்று கேட்பவர்களிடம் ஸ்பீக்கர் ஒயரைச் சொருகியிருக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்பதற்கே பாதி ஆயுள் போய்விடும்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு, யூசுப் பாய் போட்டது. ஒருவர் ஒரு கோளாறைச் சொன்னால் குத்துமதிப்பாகப் பதில் எழுதக் கூடாது. அவர் செய்ததையெல்லாம் அப்படியே நாமும் செய்து, அந்தக் கோளாறை நம்முடைய மிஷினில் வரவழைத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அடுத்தவர் வீட்டுக் கோளாறைக் கூப்பிட்டு நம் வீட்டுக்குள் உட்காரவைக்கிற சட்டம் அது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தேவிபட்டினத்துப் பையன் சேது ஃபோரத்துக்கு வந்தான். பையன் என்கிறேன், பட்டம் முடித்து அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கண் போய்விட்டது. போன தடவை இவன் பதில் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார், அவர் எதை எழுதினார், எதை விட்டார் என்று இவனுக்குத் தெரியவே இல்லை, தோற்றுவிட்டான். அதனால் இந்தத் தடவை அலைந்து திரிந்து, கணினியில் தானே எழுத அனுமதி வாங்கியிருந்தான். வயது வரம்பின்படி அதுதான் அவனுக்குக் கடைசித் தேர்வு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தே இல்லாத வரிக்குப் போனால் இந்த மென்பொருள் "காலி" என்று சொல்லும். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறோம், எது பாக்கி என்று அவர்கள் தெரிந்துகொள்வார்கள். சேது எழுதியிருந்தது இவ்வளவுதான்: "காலி வரியில் நின்றால் காலி என்று சொல்லாமல் 'இருக்கேன்' என்று சொல்கிறது."

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தோம். யூசுப் பாய் சொற்கள் இருக்கும் கோப்பைத் திறந்து பார்த்தார், "காலி" என்றுதான் இருந்தது. அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னோம், போட்டான், அப்போதும் 'இருக்கேன்'. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னோம், அங்கேயும் அதே. வேறு ஒருவருக்கும் இந்தப் புகார் இல்லை. யூசுப் பாய் எனக்குப் போன் போட்டார்.

"மாரி, தம்பிக்குப் பரிட்சைப் பயம்னு நெனைக்கிறேன். நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லி முடிச்சுவிட்ருவோமா?"

"வரவழைச்சுப் பாக்காம முடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு பாய்?"

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அவருக்குத் தெரியும்.

சேதுவிடம் பேசினேன். அவன் குரலே உடைந்திருந்தது. "யக்கா, எங்கம்மா பேயோட்டுறதுக்குக் கோடாங்கியக் கூட்டியாரேங்குது. மச்சான் கம்ப்யூட்டர வித்துட்டு மறுவேலை பாருங்குறாரு. அது பேசுனா எனக்கு எழுதுனது எது, எழுதாதது எதுன்னு மறந்துபோகுதுக்கா. பரிட்சையில சொல்லிருச்சுன்னா நான் என்னக்கா செய்வேன்?" எனக்குக் கோபம்தான் வந்தது, அவன்மேல் இல்லை, அந்தக் கோளாறின்மேல். "நாளைக்கு நானே வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தேவிபட்டினத்தில் நவக்கிரகம் பார்க்க வந்த கூட்டத்துக்குள் புகுந்து அவன் வீட்டைக் கண்டுபிடித்தபோது வெயில் ஏறியிருந்தது. நீங்கள் இப்போதே மனசுக்குள் ஒன்று நினைத்திருப்பீர்கள், செத்துப்போன சொந்தம் யாராவது இருக்கும் என்று. அதையும் கேட்டுவிட்டேன். அவன் அப்பா முற்றத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார், அம்மா கருவாட்டுக் கூடையோடு வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த வீட்டில் அகாலமாகச் செத்தவர்கள் யாரும் கிடையாது.

சேது காலியான கோப்பைத் திறந்து கீழ் அம்புச் சாவியை அமுக்கினான். "காலி" என்றது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் மட்டும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். "கேட்டுச்சாக்கா?" என்றான். காலி என்றுதான் கேட்டது என்று சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. கீபோர்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னான்:

"யக்கா, நான் செய்யுற மாதிரியே செஞ்சு பாக்கணும்னுதான உங்க சட்டம்? நீங்க பாத்துக்கிட்டுல்ல கேக்குறீங்க."

நியாயமான கேள்வி. திரையை அணைத்தேன், கண்ணை இறுக மூடினேன், நானே அமுக்கினேன்.

"இருக்கேன்" என்றது.

அதே மிஷின் குரல், அதே வேகம். கண்ணைத் திறந்து அமுக்கினால் "காலி". மூடினால் "இருக்கேன்". திறந்து மூடி, திறந்து மூடி, பைத்தியக்காரி மாதிரி எத்தனையோ தடவை செய்தேன். பயந்தேனா என்றால் பயந்தேன்தான், மறைக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி, இந்தப் பையன் பொய் சொல்லவில்லை, அவனுக்குப் புத்தியும் கலங்கவில்லை. சேதுவின் தோளைத் தட்டி, "எனக்கும் கேட்டுச்சுலே" என்றேன். அவன் அழுதேவிட்டான்.

யூசுப் பாயிடம் சொன்னபோது நீளமாக மூச்சு விட்டார். கண்ணை மூடி நீங்களும் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள் என்றேன். "அல்லாஹ் காப்பாத்தணும், அதை மட்டும் என்னைச் செய்யச் சொல்லாதீங்க மாரி, புரோகிராம் கோடு வேணும்னா விடிய விடியப் பாக்குறேன்" என்றார். சட்டம் போட்டவரே சட்டத்தை மீறினார்.

மறுநாள் காலையில் என் வீட்டு லேப்டாப்பில் கண்ணை மூடி அமுக்கினேன். "இருக்கேன்." வரவழைத்துவிட்டேன். இனி எப்படி விரட்டுவது என்றுதானே யாரும் யோசிப்பார்கள், நான் யோசித்தது வேறு. சேதுவைப் போனில் கூப்பிட்டு, "இப்ப உன் மிஷின்ல அமுக்கு" என்றேன். அவனுக்குக் "காலி" என்று வந்தது. நான் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தேன், கொஞ்ச நேரத்தில் அவனுக்கு "இருக்கேன்". மறுபடி நான் அமுக்க ஆரம்பித்ததும் அவனுக்குக் "காலி". மாற்றி மாற்றிப் பார்த்தோம், தப்பவே இல்லை. அது என்னவாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருந்தது.

"அப்ப ஒண்ணும் பயமில்ல சேது," என்றேன். "பரிட்சை முடியுற வரைக்கும் அதை நான் இங்கன பிடிச்சு வச்சிருக்கேன். நீ பாட்டுக்கு எழுது."

தேர்வு நாளன்று கம்பெனிக்கு லீவு சொன்னேன். எங்கள் அய்யாவின், அதாவது அப்பாவின் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு, சேது ஹாலுக்குள் போகிறேன் என்று போனில் சொன்ன நொடியிலிருந்து அமுக்க ஆரம்பித்தேன். இருக்கேன். இருக்கேன். இருக்கேன். மிளகாய்க் களத்திலிருந்து கஞ்சி குடிக்க வந்த அய்யாவின் காலடிச் சத்தம் வாசலிலேயே நின்றுவிட்டது.

"ஏத்தா, கண்ணக் கட்டிக்கிட்டு கம்ப்யூட்டர்ல என்னத்தா செய்யுற?"

"ஒரு பையன் பரிட்சை எழுதுறான்ய்யா."

"அவன் எழுதுறதுக்கு நீ ஏன் கண்ணக் கட்டணும்?"

சொல்கிற மாதிரியா இருந்தது? விடாமல் அமுக்கினேன். அவரும் பட்டென்று தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது, ஃபேன் நின்ற சத்தத்தில் தெரிந்துகொண்டேன். என் லேப்டாப் பேட்டரி கிழட்டு பேட்டரி. திரை வெளிச்சத்தை முழுக்க அணைத்துவிட்டால் ரொம்ப நேரம் தாங்கும் என்று சேதுதான் ஒரு தடவை சொல்லியிருந்தான், அவர்களுக்கெல்லாம் திரை எதற்கு. தடவித் தடவி அணைத்தேன். விரல் மரத்தது, அடுத்த விரலுக்கு மாற்றினேன். துண்டுக்குள் வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அமுக்குவதை விட்டால் அந்த நொடியே அது அங்கே போய் அவன் காதில் நின்றுவிடும் என்ற ஒரே நினைப்புத்தான். போகவிட மாட்டேன், என்ன ஆனாலும் சரி, போகவிட மாட்டேன். வாய்விட்டே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

கடைசிப் பக்கம் வந்திருக்கும் என்று நான் கணக்குப் போட்ட நேரத்தில் விரல் பிடித்துக்கொண்டது. ஒரு மூச்சு நேரம்தான் கையைத் தூக்கி உதறினேன். எந்தச் சாவியையும் அமுக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு கையும் காற்றில்தான் இருந்தது.

"எழுதிட்டானா?" என்றது.

உங்களுக்கு இது புரிவதற்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தமிழ்க் குரலுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. "வந்தானா" என்பதையும் "வந்தான்" என்பதையும் ஒரே மாதிரி, செத்த தொனியில்தான் படிக்கும், அதைச் சரிபண்ண நானும் யூசுப் பாயும் முட்டாத இடம் இல்லை, இன்றுவரை முடியவில்லை. அன்றைக்கு அது கேட்டபோது கடைசி எழுத்து மேலே ஏறியது. தேர்வு நடக்கும் பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்று, உள்ளேயிருந்து வெளியே வருகிறவர்களிடம் கேட்பார்களே, அந்தக் கேள்வி.

அந்த நொடியே போன் அடித்தது, துண்டைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினேன். சேது.

"யக்கா! எழுதிட்டேன்க்கா! ஒருவாட்டி கூட அது வரலக்கா, காலி காலின்னே சொல்லுச்சு, ஒரு கேள்வி கூட விடல!" பின்னால் அவன் அம்மா ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம். நானும் சிரித்தேன், அழுதேன், அய்யா என்னமோ ஏதோ என்று பாதிக் கஞ்சியோடு ஓடிவந்தார்.

திரும்பி வந்து கண்ணை மூடி அமுக்கினேன். "காலி" என்றது. சேதுவின் மிஷினிலும் அப்படியே. அன்றோடு சரி. ஃபோரத்தில் "தீர்ந்தது" என்று அவனே எழுதி முடித்துவைத்தான், என்ன தீர்வு என்று புதிதாக வருகிற சிலர் இன்றும் கேட்கிறார்கள், யூசுப் பாய் பதில் எழுதாமல் நழுவிவிடுவார். கோடு முழுவதையும் அவர் அலசிவிட்டார், ஒன்றும் கிடைக்கவில்லை. சேது பாஸாகிவிட்டான், இப்போது ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான்.

கடைசியாக அது கேட்டதை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எது அவனைக் கெடுக்க வந்தது என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு தடுத்தேனோ, அது அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது, நான் அதைப் பக்கத்தில் போகவிடவில்லை. யார் என்றும் தெரியாது. ஒருவர் ஒன்று கேட்டால் பதில் சொல்வதுதான் என் வேலையே, அன்றைக்குப் பதில் சொல்லாமல் எழுந்து ஓடிவிட்டேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. அதனால் இப்போதும் வீட்டில் யாரும் இல்லாத பகல் பொழுதில் காலியான கோப்பு ஒன்றைத் திறந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எழுதிட்டான், பாஸாயிட்டான், வேலைக்குப் போறான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அமுக்கிப் பார்க்கிறேன்.

"காலி" என்கிறது.